எண்ணிக்கைக்கு மேலே இருக்கும் மூன்று வரிகள்

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் மண்டபத்திலும் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் சும்மா கிடக்கும். ராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் சின்ன லேபுக்குக் கடற்கரை ஊர்க்காரர்கள் விந்துப் பரிசோதனைக்கு வருவது பெரும்பாலும் அந்த இரண்டு மாதத்தில்தான். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து ஆட்கள் என்றால் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருக்கும்போது வருவார்கள். மீதி நாளெல்லாம் மனைவிமார்கள்தான். மாமியாரோ அம்மாவோ துணைக்கு வர, தைராய்டு, சர்க்கரை, ஹார்மோன் என்று ரத்தம் கொடுத்துவிட்டுப் போவார்கள். கல்யாணமாகி நாலு வருஷம், ஆறு வருஷம் ஆகியிருக்கும். ராமேஸ்வரத்தில் நாகர் பிரதிஷ்டை செய்திருப்பார்கள், தேவிபட்டினம் நவபாஷாணத்தைச் சுற்றியிருப்பார்கள், அந்தப் பெண்ணுக்குக் கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரேகூட எடுத்து முடித்திருப்பார்கள். கணவருக்கு மட்டும் ஒரு தடவைகூட சாம்பிள் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் சித்தப்பா மகன் கதையும் இதேதான். அவனிடம் கேட்டு, அவன் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். மாமன் மகளைக் கட்டியிருக்கிறான். நாலு வருஷம் அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் நடந்தது, ஐந்தாம் வருஷம் ஒரு மருத்துவமனையில் இவனுக்கும் சாம்பிள் பார்த்தார்கள், உயிரணு இல்லை என்று ரிப்போர்ட் வந்தது, அதற்குப் பிறகு இரண்டு வருஷம் உயிரணு கூடுவதற்கு என்று மாத்திரை. ஒரு நாள் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். "அக்கா, இதுல என்னதான் எழுதியிருக்கு?" என்று கேட்டான். எண்ணிக்கை என்று போட்ட இடத்தில் பூஜ்யம் இருந்தது. அதைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதற்கு மேலே மூன்று வரி இருந்தது. அளவு 0.6 மில்லி. அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் 6.4. ஃப்ரக்டோஸ் இல்லை. அந்த மூன்று வரியை யாராவது ஒருவர் நிறுத்திப் படித்திருந்தால் இரண்டு வருஷ மாத்திரை மிச்சமாகியிருக்கும்.

அந்த வரிகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். விந்து என்பது முழுக்க விரையிலிருந்து வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விரையிலிருந்து வரும் பங்கு, அதாவது உயிரணுவும் அதைச் சுமந்து வரும் திரவமும், மொத்தத்தில் 5 சதவீதம் அளவுதான். மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இருக்கும் விந்துப்பை என்ற சுரப்பியிலிருந்து வருகிறது, மீதி புராஸ்டேட் சுரப்பியிலிருந்து. விந்துப்பைத் திரவம் காரத்தன்மை உள்ளது, அதில்தான் ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. புராஸ்டேட் திரவம் லேசான அமிலம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பாருங்கள், குழாயை வெட்டியிருந்தாலும் விந்தின் அளவில் பெரிய வித்தியாசம் தெரியாது, விந்துப்பை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். அப்படியானால் அளவும் குறைந்து, அமிலமாகவும் மாறி, ஃப்ரக்டோஸும் இல்லாமல் போனால்? விந்துப்பையின் பங்கு அந்தச் சாம்பிளில் வரவே இல்லை என்று அர்த்தம். சாதாரணமாக அளவு 1.4 மில்லிக்குக் குறையக் கூடாது, பிஹெச் 7.2-க்குக் குறையக் கூடாது.

ஃப்ரக்டோஸ் சோதனையை நான் கையாலேயே செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். ரெசார்சினாலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து வைத்திருப்போம். சோதனைக் குழாயில் அதை ஊற்றி, கொஞ்சம் விந்தைச் சேர்த்து, கொதிக்கும் தண்ணீரில் வைக்க வேண்டும். ஃப்ரக்டோஸ் இருந்தால் கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு கலந்த சிவப்பு எழும்பி வரும், செம்பருத்தி இதழை நசுக்கித் தண்ணீரில் விட்டது மாதிரி. என் தம்பியின் சாம்பிளை நானே மறுபடி வாங்கிச் செய்தேன். பக்கத்தில் இன்னொருவருடைய சாம்பிளும் வைத்திருந்தேன், ஒப்பிட்டுப் பார்க்க. அது சிவந்தது. இவனுடையது வெள்ளையாகவே நின்றது. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று வைத்துப் பார்த்தேன், நிறம் மாறவே இல்லை. அந்தச் சாம்பிள் வந்தபோதே எனக்குச் சந்தேகம்தான். சாதாரண விந்து முதலில் கட்டியாக உறைந்து, அப்புறம் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் இளகும். உறைய வைக்கும் புரதமும் விந்துப்பையிலிருந்துதான் வர வேண்டும். இவனுடையது வரும்போதே தண்ணீராக இருந்தது.

சரி, இதே மாதிரி ரிப்போர்ட் வர வேறு காரணங்களும் உண்டு. சாம்பிள் எடுக்கும்போது பாதி சிந்திவிட்டால் அளவு குறையும், அதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பவர்கள் நிறைய, தயவுசெய்து சொல்லிவிடுங்கள். நீண்டகாலச் சர்க்கரை நோயில் விந்து முன்னால் வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிப் போகும், சிறுநீரைச் சோதித்தால் தெரிந்துவிடும். விந்து வெளியேறும் கடைசிப் பாதையில் அடைப்பு இருந்தாலும் இதே மூன்று வரிதான் வரும். இவற்றையெல்லாம் பிரித்துப் பார்க்க முதலில் வேண்டியது ஸ்கேன்கூட இல்லை, ஒரு டாக்டரின் கைவிரல். விரைப்பையின் இரண்டு பக்கமும் விந்து நாளம், அதாவது உயிரணுவை விரையிலிருந்து கொண்டுபோகும் குழாய், மேலேறிப் போகும். வலையின் ஓரத்தில் கோக்கும் மெல்லிய கயிற்றை விரலுக்கு நடுவில் உருட்டினால் எப்படி இருக்குமோ அப்படித் தட்டுப்படும். அந்தக் கயிறு சிலருக்கு இரண்டு பக்கமும் இருக்காது. பிறவியிலேயே இருக்காது. அவர்களுக்கு விந்துப்பையும் பெரும்பாலும் சரியாக வளர்ந்திருக்காது, அந்த மூன்று வரி வருவது அதனால்தான். குழந்தை இல்லாத ஆண்களில் 100-க்கு ஒருவர் இரண்டு பேருக்கு இப்படி. என் தம்பியை ஏழு வருஷத்தில் எத்தனையோ டாக்டர்கள் பார்த்தார்கள், ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. இதைத்தான் என்னால் இன்றைக்கும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. ஒரு நிமிஷ வேலை அது.

இப்போது மரபணுவுக்கு வருவோம். நம் 7-ஆம் குரோமோசோமில் சிஎஃப்டிஆர் என்று ஒரு மரபணு இருக்கிறது. 1989-இல் லாப்-சீ சுய், ஃபிரான்சிஸ் காலின்ஸ், ஜான் ரியோர்டன் ஆகியோரின் குழுக்கள் கண்டுபிடித்தன. அது உருவாக்கும் புரதம் செல்லின் சுவரில் ஒரு மதகு மாதிரி நின்று, குளோரைடையும் பைகார்பனேட்டையும் வெளியே விடுகிறது. உப்பு போகும் வழியில்தானே தண்ணீரும் போகும், அதனால் உடம்பின் உள்குழாய்களில் ஊறும் திரவம் நீர்த்து ஓடுவதற்கு இந்த மதகு திறந்தாக வேண்டும். மதகு கெட்டால் சளி பசையாகிவிடும். நுரையீரலில் பசை சேர்ந்து ஓயாத கிருமித்தொற்று, கணையத்தின் குழாய் அடைத்துச் செரிமானக் கோளாறு, எண்ணெய் மாதிரி மலம், எடை ஏறாத குழந்தை. இதுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு கெட்ட பிரதி வந்தால்தான் நோய் வரும், ஒன்று மட்டும் இருந்தால் அந்த ஆள் நன்றாகவே இருப்பார்.

இந்த நோய் உள்ள ஆண்களில் 95 சதவீதத்துக்கு மேல் விந்து நாளம் இல்லாதவர்கள். தாயின் வயிற்றில் குழந்தை உருவாகும்போதே அந்த நுண்ணிய குழாய்க்குள் பசை அடைத்து, குழாய் சிதைந்து போகிறது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஃபெரெட் என்ற கீரி மாதிரியான பிராணியில் இதைச் சோதித்திருக்கிறார்கள். குட்டி வயிற்றில் இருக்கும்போதே தாய்க்கு மதகைத் திறக்கும் மருந்தைக் கொடுத்தபோது, கெட்டுப்போயிருக்க வேண்டிய நாளம் கெடாமல் வளர்ந்தது. அந்த வகை மருந்துகள் 2012 முதல் மனிதர்களுக்கும் வந்துவிட்டன, நுரையீரலுக்குப் பெரிய உதவி செய்கின்றன, ஆனால் பிறந்து வளர்ந்தவனுக்கு இல்லாமல் போன குழாயை அவை திருப்பித் தராது. விரை மட்டும் கெடுவதில்லை. உயிரணு உற்பத்தி நன்றாக நடந்துகொண்டிருக்கும், போகத்தான் பாதை இல்லை. துறைமுகத்தின் வாயில் மண்மேடு போட்டுவிட்டது, உள்ளே படகெல்லாம் நல்லபடியாக நிற்கின்றன, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்மைக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, ஹார்மோன் சரியாக இருக்கும், தாம்பத்தியம் சரியாக இருக்கும். என் தம்பி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுததற்கு முக்கால் காரணம் இதைப் பற்றிய பயம்தான், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

"எனக்கு இருமல்கூட வந்ததில்லையே, நுரையீரல் நோயின் மரபணு எனக்கு எப்படி?" என்றுதான் அவனும் கேட்டான். மரபணுவில் ஏற்படும் மாற்றங்கள் எல்லாம் ஒரே பலம் கொண்டவை இல்லை. இந்த ஒரு மரபணுவில் மட்டும் 2000-க்கும் மேற்பட்ட மாற்றங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். சில மாற்றங்கள் மதகை முழுக்க அடைத்துவிடும், சிலவற்றில் மதகு பத்தில் ஒரு பங்காவது திறக்கும். நுரையீரல் அந்தக் கொஞ்சத்தை வைத்தே காலம் தள்ளிவிடும், விந்து நாளம் உருவாவதற்கு அது போதவில்லை. எனவே கடுமையான மாற்றம் ஒன்றும் மிதமான மாற்றம் ஒன்றும் சேர்ந்து பிறந்த ஆண், ஆரோக்கியமாக வளர்ந்து, வலை இழுத்து, கபடி ஆடி, கல்யாணம் செய்து, குழந்தை இல்லையே என்று லேபுக்கு வரும்போதுதான் முதன்முதலில் இந்த மரபணுவின் பெயரைக் கேட்கிறான். நாளம் இல்லாத ஆண்களில் ஐந்தில் நாலு பேர் வரை இந்த மரபணுவில் ஒரு மாற்றமாவது வைத்திருக்கிறார்கள். மிதமான மாற்றங்களில் அடிக்கடி தென்படுவது 5டி. மரபணுவின் ஓர் இடத்தில், மரபணு எழுதப்பட்டிருக்கும் நாலு எழுத்துகளில் ஒன்றான டி, வரிசையாக ஒன்பது தடவையோ ஏழு தடவையோ வரும், சிலருக்கு ஐந்தே தடவைதான். ஐந்தாகிவிட்டால் செல் அந்த இடத்துக்கு அடுத்த பகுதியைப் படிக்காமல் தாண்டிவிடும், அப்படித் தாண்டிச் செய்த புரதம் வேலைக்கு ஆகாது. கொஞ்சம் சரியாகவும் படிக்கும் என்பதால் நுரையீரல் தப்பிக்கிறது.

இங்கே ஒரு விஷயம், நம் ஊருக்கு முக்கியமானது. ஐரோப்பியர்களிடம் எஃப்508டெல் என்ற ஒரே மாற்றம்தான் பெரும்பான்மை. நம் நாட்டில் அதன் பங்கு குறைவு, மற்ற மாற்றங்கள் கலந்து கிடக்கின்றன. எனவே வெளிநாட்டு மக்களை வைத்துத் தேர்ந்தெடுத்த இருபது முப்பது மாற்றங்களை மட்டும் தேடும் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அதை நம்பி உட்காரக் கூடாது. முழு மரபணுவையும் வரிசையாகப் படிக்கும் சோதனை, கூடவே 5டி இருக்கிறதா என்பது, இரண்டையும் கேட்டு வாங்குங்கள். இதிலும் ஒன்றும் கிடைக்காவிட்டால் ஏடிஜிஆர்ஜி2 என்று எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் இன்னொரு மரபணுவைப் பார்ப்பார்கள், அது 2016-இல் தெரியவந்தது, தாய் வழியாக வரும். அப்புறம், வயிற்று ஸ்கேன் ஒன்று அவசியம். சிறுநீரகமும் விந்து நாளமும் கருவில் பக்கத்துப் பக்கத்து வேர்களிலிருந்து வளர்பவை. நாளம் இல்லாதவர்களில் சிலருக்கு ஒரு சிறுநீரகமும் இருக்காது, அவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் சிஎஃப்டிஆர் இல்லை.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வியர்வைக் குழாயில் இதே மதகு எதிர்த்திசையில் வேலை செய்கிறது, வெளியே போகும் உப்பைத் திரும்ப உள்ளே இழுக்கிறது. மதகு கெட்டவர்களுக்கு வியர்வை கரிக்கும். குழந்தையை முத்தமிட்டால் உதட்டில் உப்பு ஒட்டும் என்பது ஐரோப்பாவில் மிகப் பழைய அடையாளம். 1959 முதல் வியர்வையில் குளோரைடு அளப்பதுதான் இந்த நோய்க்கு அடிப்படைச் சோதனை, லிட்டருக்கு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் என்றால் நோய், 30 முதல் 59 வரை சந்தேகம். வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கத்திலோ மண்டபம் கடற்கரையிலோ இருக்கும் ஒரு தாய் இதை எப்படிக் கண்டுபிடிப்பாள்? இங்கே காற்றே உப்பு, எல்லாப் பிள்ளைகளின் நெற்றியும் கரிக்கத்தான் செய்யும். ஆனால் வெயில் காலத்தில் ஒரு குழந்தை வயிற்றுப்போக்கு பெரிதாக இல்லாமலே துவண்டு துவண்டு விழுந்து, ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் திரும்பத் திரும்பக் குறைந்தால், வியர்வைச் சோதனை கேட்க வேண்டும். இந்தியாவில் இந்த நோயே கிடையாது என்று ஒரு காலத்தில் நம்பியதால் எத்தனையோ பிள்ளைகள் நிமோனியா என்றும் காசம் என்றும் பெயர் வாங்கிப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். விந்து நாளம் இல்லை என்று தெரியவந்த ஆணும் ஒரு தடவை வியர்வைச் சோதனை செய்துகொள்வது நல்லது, ஓயாத சைனஸோ கணைய வீக்கமோ அவருக்கு இருந்திருந்தால் இரண்டையும் முடிச்சுப் போட இதுதான் வாய்ப்பு.

அடுத்தது சொந்தத்தில் கல்யாணம். தமிழ்நாட்டில் நாலில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள் நடக்கும் திருமணம்தான், நம் கடற்கரையில் மாமன் மகள், அத்தை மகள் உரிமை இன்னும் கெட்டியாக இருக்கிறது. நான் அதைக் குறை சொல்ல வரவில்லை, என் கல்யாணமும் உறவுக்குள்தான். ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். என் தம்பியிடம் இரண்டு பிரதியிலும் மாற்றம் இருக்கிறது, ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. அம்மா கொடுத்த மாற்றம் அம்மாவின் தம்பியிடமும் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, அவர் மகளிடம் வந்திருக்க அதில் பாதி. ஆக மாமன் மகளுக்கு நாலில் ஒரு வாய்ப்பு. அத்தை மகளுக்கும் இதே கணக்கு, அப்பா வழியில். அக்காள் மகளைக் கட்டியிருந்தால் இரண்டில் ஒன்று. உறவில்லாத பெண்ணுக்கு இந்த வாய்ப்பு மிகவும் சிறியது.

இது ஏன் முக்கியம் என்றால், இயற்கையாக முடியாத கர்ப்பத்தை இப்போது மருத்துவம் முடித்துக் கொடுக்கிறது. விரைக்கு மேலே இருக்கும் சேமிப்புக் குழலிலிருந்தோ விரையிலிருந்தோ ஊசியால் உயிரணுவை உறிஞ்சி எடுத்து, மனைவியின் கருமுட்டைக்குள் ஒரே ஒரு உயிரணுவைச் செலுத்துகிறார்கள். இக்ஸி என்று சொல்லும் இந்த முறையில் உண்டான முதல் கர்ப்பங்களை 1992-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸிலிருந்து அறிவித்தார்கள். விரை நன்றாக வேலை செய்வதால் இந்த ஆண்களிடம் உயிரணு கிடைப்பது பெரும்பாலும் கஷ்டமில்லை. ஆனால் உயிரணுவோடு அந்த மரபணுவும் போகிறது. தகப்பனுக்கு இரண்டு பிரதியும் மாறியது என்றால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிரதி நிச்சயம். மனைவியிடம் ஒன்றும் இல்லை என்றால் பிள்ளைகள் சுமப்பவர்களாக மட்டும் இருப்பார்கள், நோய் வராது. மனைவியும் ஒன்றைச் சுமந்தால் பாதிப் பிள்ளைகளுக்கு இரண்டு மாறிய பிரதி சேரும். தகப்பனுடைய இரண்டில் ஒன்று கடுமையானது, மனைவியுடையதும் கடுமையானது என்றால், நாலில் ஒரு பிள்ளைக்கு முழு நோய் வரலாம். அதனால் முட்டை எடுக்கும் ஊசி தொடங்குவதற்கு முன்னாலேயே மனைவியின் ரத்தம் மரபணுச் சோதனைக்குப் போயிருக்க வேண்டும். இருவரும் சுமப்பவர்கள் என்று தெரிந்தாலும் வழி அடைபடாது, கருவை உள்ளே வைப்பதற்கு முன் அதன் மரபணுவைப் பார்த்துத் தேர்வு செய்யலாம், கர்ப்பமான பிறகும் சோதிக்கலாம். செலவு லட்சங்களில், அதை மறைக்க முடியாது. நகை அடகு வைத்துப் போகிறவர்கள்தான் அதிகம். அப்படிப் போகும்போது மரபணு ஆலோசனை என்ற ஒரு மணி நேரத்தை எந்த இடமும் தாண்டிப் போகவிடாதீர்கள்.

வேலைக்கு ஆகாதவை எவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழாயே இல்லாதவனுக்கு உயிரணு கூட்டும் மாத்திரை பயன்படாது, விரையில் நரம்பு சுருண்டிருக்கிறது என்று செய்யும் ஆபரேஷன் பயன்படாது, லாட்ஜில் அறை போட்டு விற்கும் லேகியம் பயன்படாது. குழாய் அடைத்திருந்தால் வெட்டி ஒட்டலாம், இல்லாத குழாயை ஒட்ட எதுவும் இல்லை.

தம்பியின் சோதனையில் ஒரு கடுமையான மாற்றமும் ஒரு 5டியும் வந்தன. அவன் மனைவிக்கும் பார்த்தோம், முடிவு வர மூன்று வாரம் ஆனது, அந்த மூன்று வாரமும் அந்தப் பெண் லேபுக்குப் பக்கத்தில் வந்தாலே என் முகத்தைத்தான் பார்ப்பாள். ஒன்றும் இல்லை என்று வந்தது. ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்னபோது, "அப்ப நாலு வருஷமா எனக்கு எதுக்கு வைத்தியம் பாத்தாக, மதினி?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அடுத்த தடைக்காலத்தில் மதுரைக்குப் போகப் பணம் சேர்க்கிறார்கள்.

தம்பிக்கு ஒரு தம்பி இருக்கிறான், 24 வயது, அத்தை மகளுக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். அண்ணனைப் போலவே இரண்டும் வந்திருக்க அவனுக்கு நாலில் ஒரு வாய்ப்பு என்று சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போனேன். இரண்டு பக்கமும் குழாய் விரலில் பட்டது என்றார் டாக்டர். ஒன்றை மட்டும் அவன் சுமக்கிறானா என்பது விரலுக்குத் தெரியாது. அத்தையிடம் நானே பேசினேன், முதலில் கோபப்பட்டார்கள், பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு அவர்களே வந்தார்கள். போன வாரம் இரண்டு பேருக்கும் நான்தான் ரத்தம் எடுத்தேன்.